அனுப்பாத நான்காம் பாகம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பேய், ஆவி, காத்து, கருப்பு எதிலும் எனக்கு நம்பிக்கை கிடையாது. ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போவேன், ஜெபமாலை சொல்வேன், அதோடு சரி. என் மாமியார் கண்ணேறு கழிக்கிறேன் என்று எலுமிச்சம்பழத்தைச் சுற்றித் தெருவில் போட்டபோது, நல்ல பழம் வீணாகிறதே என்று எடுத்து வந்து ஜூஸ் பிழிந்து குடித்தவள் நான், அதற்காக அந்த வீட்டில் ஒரு வாரம் என்னோடு யாரும் பேசவில்லை. அப்படிப்பட்டவள் சொல்கிறேன், கேளுங்கள். சிரிப்பதானால் கடைசியில் சிரியுங்கள், நடுவில் சிரித்தால் எழுந்து போய்விடுவேன்.

எனக்குக் கல்யாணமான முப்பத்தெட்டாவது நாள் என் வீட்டுக்காரர் அமெரிக்காவுக்குப் போனார். கம்ப்யூட்டர் வேலை, ஒப்பந்தம், பனி கொட்டுகிற ஏதோ ஓர் ஊர். அவர் பெயரைக் கேட்காதீர்கள், சொல்லிப் பழக்கமில்லை. எங்கள் பக்கத்தில் புருஷன் பெயரைப் பெண்கள் சொல்வதில்லை, வேதக்காரர் வீடாக இருந்தாலும் அதே கதைதான், ரேஷன் கடையில் கேட்டால்கூடப் பக்கத்தில் நிற்கிறவளைச் சொல்லச் சொல்வோம். டிப்ளமா படித்தவளுக்கு இதெல்லாம் என்ன என்று நீங்கள் நினைக்கலாம், ஆனால் நாக்கு வராது, அவ்வளவுதான்.

நான் திண்டிவனத்தில் மாமியார் வீட்டிலேயே தங்கிவிட்டேன். விசாவுக்குப் போய் இரண்டு தடவை இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். வீட்டில் சும்மா இருந்தால் பைத்தியம் பிடித்துவிடும் என்று ஜமால் பாய் கம்ப்யூட்டர் சென்டரில் சொல்லிக்கொடுக்கப் போனேன். பாய் கோட்டக்குப்பத்துக்காரர், பன்னிரண்டு வருஷம் சவுதியில் இருந்துவிட்டு வந்தவர், வாயைத் திறந்தால் சத்தம், மனசு மட்டும் வெண்ணெய். ஐந்து கம்ப்யூட்டர், ஒரு மோடம், புதுச்சேரிக்கு எஸ்டிடி போட்டால் இண்டர்நெட். லைனில் எழுத்து மட்டும்தான் வரும், படம் வராது, கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து ஓடும். வெளிநாட்டில் பிள்ளைகள் இருக்கிறவர்கள் வந்து பாயிடம் கடிதம் சொல்வார்கள், பாய் அடித்து அனுப்புவார், பதில் வந்தால் பிரிண்ட் எடுத்து ஊருக்கே கேட்கிற மாதிரி வாசித்துக் காட்டுவார். என் வீட்டுக்காரர் கடிதமும் பாயின் அந்த ஒரே ஈமெயில் பெட்டிக்குத்தான் வரும். அதில் மனுஷன் என்னத்தை எழுதுவார்? "நலம், அம்மாவைப் பார்த்துக்கொள்." போனில் பேசலாம் என்றால் பதினைந்து நாளைக்கு ஒரு தடவை வரும், ரிசீவர் என் காதில் இருந்தாலும் மாமியார் காது அதற்குப் பக்கத்திலேயே இருக்கும்.

ஒரு தடவை அவர் ஒரு படத்தைக் கடிதத்தோடு அனுப்பி, பெட்டி அடைத்துக்கொண்டு ஊர்க் கடிதமெல்லாம் திரும்பிப் போய்விட்டது. பாய் குதித்தார்.

"இன்னாம்மா ஸ்டெல்லா, ஒங்க ஊட்டுக்காரரால எனக்குப் பேஜாரா பூட்ச்சி! கடுதாசி போடச் சொன்னா மலையப் பேத்து அனுப்புறாரு!"

அதற்குப் பிறகுதான் அவர் நியூஸ்குரூப் வழியைக் கண்டுபிடித்தார். அது என்னவென்று இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குத் தெரியாது. உலகம் முழுக்க இருக்கிற கம்ப்யூட்டர்களில் ஒரு பொது அறிவிப்புப் பலகை என்று வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் பலகை ஓரிடத்தில் இல்லை, ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் ஒரு நகல் இருக்கும். எங்கள் தெருவில் குழாயில் தண்ணீர் வந்தால் முதல் வீட்டுக்காரி இரண்டாம் வீட்டுக்குக் குரல் கொடுப்பாள், அவள் மூன்றாம் வீட்டுக்கு, ஏற்கெனவே தெரிந்தவள் "தெரியும் போ" என்பாள், தெரியாதவள் குடத்தைத் தூக்குவாள். அதே முறைதான். இந்தச் செய்தி உன்னிடம் இருக்கிறதா என்று ஒரு கம்ப்யூட்டர் அடுத்ததைக் கேட்கும், இல்லை என்றால் நகல் கொடுக்கும், அது அடுத்ததற்குக் கொடுக்கும். எந்தெந்தக் கம்ப்யூட்டர் வழியாக வந்தது என்று செய்தியின் தலையிலேயே ஒரு வரியில் பெயர்கள் வரிசையாக ஏறிக்கொண்டே வரும். சில நாள் வைத்திருந்துவிட்டு இடமில்லை என்று அழித்துவிடுவார்கள்.

அந்தக் குழுக்களில் ஒன்று வெறும் சோதனைக்காக இருந்தது. செய்தி போகிறதா என்று பார்க்க நினைக்கிறவர்கள் "டெஸ்ட், டெஸ்ட்" என்று போடுவார்கள், யாரும் படிக்க மாட்டார்கள். அதில்தான் அவர் தன் படங்களைப் போட்டார். வீட்டில் மாமியார், சென்டரில் பாய், எங்களுக்குத் தனியாகப் பேச ஓர் இடம் இல்லாமல் போய், கடைசியில் உலகமே வந்து போகிற இடம்தான் கிடைத்தது. நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்பும் வருகிறது, அழுகையும் வருகிறது.

படம் அப்படியே வராது. எழுத்தாக மாற்றி, பல துண்டாக வெட்டி, ஒன்றில் ஆறு, இரண்டில் ஆறு என்று எண் போட்டு வரும். ஒவ்வொரு துண்டும் நூற்றுக்கணக்கான வரி, ஓர் எழுத்துக்கும் அர்த்தம் கிடையாது. அதை எல்லாம் பிடித்து வைத்து, தலையையும் வாலையும் வெட்டி, வரிசையாக ஒட்டி, மறுபடி படமாக்க வேண்டும். ஒரு துண்டு வரவில்லை என்றால் அதுவரைக்கும்தான் படம், அதற்குக் கீழே வெறும் சாம்பல் நிறம். வெள்ளிக்கிழமை பாய் ஜும்மா தொழுகைக்குப் போவார், அந்த முக்கால் மணி நேரத்தில் பத்து நிமிஷம் லைன் போட்டுக்கொள்ள எனக்கு அனுமதி.

தொண்ணூற்றொன்பது ஜனவரி கடைசியில் எங்கள் கல்யாண நாள் வந்தது. அன்றைக்கு அவர் போன் வரவில்லை. நாள் முழுக்கக் காத்திருந்தேன், மாமியார் அதையும் கவனித்தார்கள். மாமியாரின் தங்கை ஒருத்தி வந்திருந்தாள், அவள் சும்மா இருக்காமல், "அங்க போனவன்லாம் ஒரு வெள்ளக்காரிய சேத்துக்கினு இருக்கிறானுங்களாம், ஒன் புள்ள எப்பிடியோ" என்று என் காதில் விழுகிற மாதிரியே சொல்லிவிட்டு முறத்தில் கொட்டியிருந்த மல்லாட்டைக் கடலையை உரித்துத் தின்றுகொண்டிருந்தாள். எனக்கு வந்த கோபத்துக்கு அந்த முறத்தைக் கவிழ்த்திருப்பேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை பார்த்தால் குழுவில் அவர் படம். ஆறு பாகம். ஐந்துதான் இருந்தது, நான்காம் பாகம் இல்லை. முதல் மூன்றை மட்டும் ஒட்டித் திறந்தேன். அந்தப் பழைய கம்ப்யூட்டரில் படம் மேலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத்தான் இறங்கும். ஜன்னல், வெளியே வெள்ளை வெளேரென்று பனி, அவர் தலைமுடி, நெற்றி, கண்ணாடி, உதடு. அங்கே நின்றுவிட்டது.

அவர் சிரித்துக்கொண்டிருந்தார். கேமராவைப் பார்த்து இல்லை, எதிரே கொஞ்சம் கீழே யாரையோ பார்த்து. அந்த முப்பத்தெட்டு நாளில் நான் ஒரு தடவைகூட அந்தச் சிரிப்பைப் பார்த்ததில்லை. கூச்ச சுபாவம் அவருக்கு, என்னிடம் பேசும்போது சுவரைப் பார்ப்பார். சாப்பாட்டுக்குக்கூட ஆம்பளைகள் முதலில், நாங்கள் அப்புறம், அவர் எதிரில் உட்கார்ந்து நான் ஒரு வாய் சோறு சாப்பிட்டதில்லை. அப்படிப்பட்டவர் கல்யாண நாளுக்குப் போன்கூடப் பண்ணாமல் யாரைப் பார்த்து இப்படிச் சிரிக்கிறார்?

அன்றைக்கு வீட்டுக்குப் போய்ப் பெட்டியில் நான்கு புடவை எடுத்து வைத்தேன். நான்காம் பாகத்தில் ஒருத்தி இருந்தால் முகையூருக்குப் பஸ் ஏறிவிடுவது, எங்கள் அம்மா வீட்டில் கேப்பைக் கூழைக் குடித்துக்கொண்டு கிடப்பது, திரும்பி வருவதில்லை என்று முடிவு பண்ணிவிட்டேன். அவரிடம் கேட்கலாமே என்பீர்கள். எப்படிக் கேட்பது? கடிதத்தைப் பாய் படிப்பார், போனை மாமியார் கேட்பார்.

நியூஸ்குரூப்பில் ஒரு வழக்கம் உண்டு. துண்டு வராதவர்கள் "இந்தப் படத்தின் இந்தப் பாகம் எனக்கு வரவில்லை, யாரிடமாவது இருந்தால் போடுங்கள்" என்று எழுதிவைப்பார்கள். எந்த ஊரிலோ யாரோ முகம் தெரியாதவர் தன்னிடம் இருக்கிற நகலை எடுத்துப் போடுவார். சரி என்று அடுத்த வெள்ளிக்கிழமை நானும் உட்கார்ந்தேன். இங்கேதான் நான் ஒரு முட்டாள்தனம் பண்ணினேன். படத்தின் பெயரைக் குறிப்பிட வேண்டும், அந்தப் படத்தின் பெயர் அவருடைய பெயர். விரலைக் கீபோர்டில் வைத்தேன், முதல் எழுத்தை அடித்தேன், கை கூசியது, அழித்துவிட்டேன். ஊர் உலகம் பார்க்கிற இடத்தில் புருஷன் பெயரை எப்படி எழுதுவது? "ஆறில் நான்காம் பாகம் வரவில்லை, தயவுசெய்து அனுப்பவும்" என்று இங்கிலீஷில் போட்டுவிட்டு வந்துவிட்டேன். எந்தப் படம் என்று சொல்லாமல் கேட்டால் எவன் கொடுப்பான்? வீட்டுக்கு நடந்து வரும்போதுதான் உறைத்தது, என்னை நானே திட்டிக்கொண்டேன்.

அந்த வாரம் எப்படிப் போனது என்று கேட்காதீர்கள். அடுத்த வெள்ளிக்கிழமை மத்தியானம், வெயில் சுள்ளென்று அடிக்கிறது, தெருவில் ஆள் நடமாட்டம், பக்கத்துக் கடையில் டேப் ரிக்கார்டர் அலறுகிறது, பயப்படுவதற்கு ஏற்ற நேரமே இல்லை. லைன் போட்டேன். என் செய்திக்குக் கீழே ஒரு செய்தி இருந்தது. தலைப்பில் "4/6" என்று மட்டும். வேறு ஒரு வார்த்தை இல்லை, அனுப்பியவர் பெயர் இல்லை. அதற்குக் கீழே வரி வரியாக எழுத்து.

எவனோ தன் படத்துத் துண்டைப் போட்டிருக்கிறான், ஒட்டினால் குப்பைதான் வரும் என்றுதான் ஒட்டினேன். ஒட்டிக்கொண்டது. ஜன்னல் இறங்கியது, பனி, கண்ணாடி, சிரிப்பு, அதற்குக் கீழே தாடை. நான் மடித்துப் பெட்டியில் வைத்து அனுப்பிய கட்டம் போட்ட சட்டை. மேஜை. ஒரு தட்டில் சோறு. அதற்கு எதிரே இன்னொரு தட்டு. அந்தத் தட்டுக்குப் பக்கத்தில் ஒரு பொம்பளையின் முழங்கை.

ஆண்டவரே, அந்த மல்லாட்டைக் கிழவி சொன்னது சரியாகப் போய்விட்டதே என்று வாய்விட்டே சொன்னேன். நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். படம் மட்டும் நிதானமாக இறங்கிக்கொண்டே இருந்தது. மணிக்கட்டு, அரக்கு நிறக் கண்ணாடி வளையல் இரண்டு. மோதிர விரலில் சிலுவை வைத்த மெல்லிய மோதிரம். அப்புறம் சுண்டுவிரல், நுனியில் வெளிப்பக்கமாக வளைந்த சுண்டுவிரல்.

இதோ பாருங்கள் என் இடது கையை. பன்னிரண்டு வயதில் பஸ் கதவில் மாட்டி ஒடிந்தது, கட்டுப் போட்டவர் கோணலாகப் போட்டுவிட்டார். இந்த மாதிரி சுண்டுவிரல் இன்னொருத்திக்கு இருந்தால் காட்டுங்கள். மானிட்டருக்குப் பக்கத்தில் கையை வைத்துப் பார்த்தேன். அதே வளையல்தான் கையில் கிடந்தது.

எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது, பாய் தொழுகை முடித்துக்கொண்டு வந்துவிட்டார். குல்லாயைக் கழற்றிக்கொண்டே எட்டிப் பார்த்தார்.

"யாரு, ஒங்க ஊட்டுக்காரரா? நல்லாத்தான் சிரிக்கிறாரு. இது இன்னாம்மா, ஒன் கை கீது? இது எப்ப எட்த்தது?"

"பாய், நான் அமெரிக்காவுக்குப் போனதே இல்லியே."

பாய் படத்தைப் பார்த்தார், என் கையைப் பார்த்தார், ஜன்னலுக்கு வெளியே கிடந்த பனியைப் பார்த்தார். அவருடைய சத்தமெல்லாம் எங்கே போனதோ, மெதுவாக எதையோ ஓதினார். அப்புறம், "ஜல்தியா ஒண்ணு பிரிண்ட் எட்த்துக்க. யாராண்டயும் சொல்லாத" என்று புதிதாக வாங்கியிருந்த கலர் பிரிண்டரில் அவரே காகிதத்தை வைத்துக் கொடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை போன் வந்தது. மாமியார் காது பக்கத்தில் இருந்தால் இருக்கட்டும் என்று கேட்டுவிட்டேன்.

"அந்தப் படத்துல ஒங்க எதிர்ல யாரு?"

"எந்தப் படம்?" என்றார் அவர். "அதுதான் முழுசா போவவே இல்லியே. நாலாவது பார்ட்டு எரராயி இங்கியே நின்னுபோச்சி. மறுபடியும் போடலாம்னு இருந்தேன், வேல நெட்டித் தள்ளுது."

"நாலாவது போவலியா?"

"போவல ஸ்டெல்லா. இங்கியே கீது, என் மெஷின்லயே."

நியூஸ்குரூப் ஒருவர் கொடுத்ததைத்தான் கொண்டுபோகும். கொடுக்காததை எந்தக் கம்ப்யூட்டர் அடுத்த கம்ப்யூட்டருக்குக் கொடுக்கும்?

"எதிர்ல யாருன்னு கேட்டேன்."

கடலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து அவர் குரல் இறங்கி வந்தது. "யாருமில்ல. அன்னிக்கு நம்ம கல்யாண நாளு. லைனு போட்டுப் போட்டுப் பாத்தேன், கெடைக்கல. ரெண்டு தட்டு வெச்சேன். கேமராவ டைமர்ல போட்டுட்டு, நீ எதிர்ல ஒக்காந்து சாப்புடற மாரி நெனச்சிக்கினேன். சிரிக்காத."

நான் சிரிக்கவில்லை. ரிசீவரைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதேன். மாமியார் பிடுங்கி, "இன்னாடா சொன்ன இந்தப் பொண்ண, இப்பிடி அழுவுது?" என்று அவரைக் கேட்டார்கள். அன்றைக்கு முதல் முறையாக அந்த அம்மா என் முதுகைத் தடவிக்கொடுத்தார்கள். சாயங்காலம் பெட்டியிலிருந்த புடவைகளை எடுத்து மறுபடி கொடியில் போட்டேன்.

அவர் பிற்பாடு ஆறு பாகத்தையும் ஒழுங்காக அனுப்பினார். ஒட்டித் திறந்தேன். அதே ஜன்னல், அதே சிரிப்பு, இரண்டு தட்டு. இரண்டாம் தட்டுக்குப் பக்கத்தில் கை இல்லை, வெறும் மேஜை. பழைய நான்காம் பாகத்தையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வரி வரியாக ஒப்பிட்டேன். வரிக்கணக்கு ஒன்றுதான், நடுவில் கொஞ்ச வரிகள் மட்டும் வேறு. வந்த வழி எழுதியிருக்கும் வரியையும் பார்த்தேன். மற்ற ஐந்து பாகத்திலும் அமெரிக்காவிலிருந்து இங்கே வரைக்கும் எட்டு ஒன்பது கம்ப்யூட்டர் பெயர் இருந்தது. அந்த 4/6 செய்தியில் மட்டும் ஒரே ஒரு பெயர், நாங்கள் லைன் போடுகிற புதுச்சேரி கம்ப்யூட்டர். எங்கிருந்தும் அது வரவில்லை. அந்தக் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொள்கிறவரிடம் பாய் நேரிலேயே போய்க் கேட்டார், அப்படி ஒரு செய்தி யாரும் போட்டதாகப் பதிவே இல்லை என்று சொல்லிவிட்டார்.

பாய்தான் ஏதோ ஒட்டு வேலை பண்ணியிருப்பார் என்று நீங்கள் நினைக்கிறீர்கள், முகத்திலேயே தெரிகிறது. பாய்க்கு அதெல்லாம் தெரியாது, எனக்கும் அப்போது தெரியாது. நம்பாவிட்டால் விடுங்கள், எனக்கொன்றும் குறையில்லை.

மூன்றாவது தடவையும் விசா கிடைக்கவில்லை. இரண்டாயிரத்து ஒன்றில் அங்கே வேலை இல்லாமல் போய் அவரே வந்துவிட்டார். விழுப்புரத்தில் வீடு பார்த்தோம், கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்தார், ஒரு பெண் பிறந்தாள். போன வருஷம் எனக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன் ஆனபோது முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரியில் பதினோரு நாள் என் கூடவே கிடந்தார். அவரைக் குறை சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். நியூஸ்குரூப் எல்லாம் இப்போது யார் பார்க்கிறார்கள், செல்போனிலேயே முகம் பார்த்துப் பேசிக்கொள்கிறார்கள். அந்தப் பிரிண்ட்டை மட்டும் பைபிளில் வைத்திருக்கிறேன். அவரிடம் ஒரு தடவை காட்டினேன். கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தார், என் விரலைப் பார்த்தார், "அன்னிக்கு இந்தப் பக்கத்துல ஒண்ணுமே இல்லியே" என்றார். அதைப் பைபிளுக்குள்ளேயே திரும்ப வைத்துவிட்டு எழுந்து கடைக்குப் போய்விட்டார்.

எனக்கு அந்தக் கை எப்படி வந்தது என்பதில்கூட இப்போது அவ்வளவு உறுத்தல் இல்லை. என்னை அரிக்கிறது வேறு. வீட்டில் டைனிங் டேபிள் வாங்கிப் போட்டு, இத்தனை வருஷமாகத் தினமும் அவர் எதிரில் உட்கார்ந்துதான் சாப்பிடுகிறேன். அந்தச் சிரிப்பை அவர் எனக்குச் சிரித்ததில்லை. ஒரு தடவைகூட இல்லை. போட்டோவில் அவள் பார்த்துவிட்டாள், என் வளையலைப் போட்டுக்கொண்டு, என் மோதிரத்தைப் போட்டுக்கொண்டு, அந்தக் கல்யாண நாளில் அவர் எதிரில் உட்கார்ந்து ஆசை தீரப் பார்த்துவிட்டாள். அவள் நான்தான் என்றால் எனக்கு ஏன் அது ஞாபகமில்லை? என் கையின் மேலேயே எனக்குப் பொறாமை என்றால் சிரிக்கமாட்டீர்களா?

போன வாரம்கூட மத்தியானச் சாப்பாட்டில், படத்தில் இருக்கிற மாதிரியே இடது கையைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். செல்போனிலிருந்து தலையைத் தூக்கினார். என் கையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். இதோ, இப்போது சிரிக்கப்போகிறார் என்று நினைத்தேன்.

"இன்னா ஸ்டெல்லா," என்றார், "கொழம்பு வேணுமா?"

வேணும் என்று சொல்லி வாங்கி ஊற்றிக்கொண்டேன்.